ஏற்காட்டு இருட்டில் நெபுலா படம்: தொலைநோக்கிக்கு முன் மவுண்ட்

செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த ஒன்றரை லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. 18 மெகாபிக்சல் கேனான் கேமரா ஒன்றும் இருக்கிறது. ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்திலிருந்து ஓரியன் நெபுலா என்ற வாயு முகிலையும் ஆந்திரமேடா என்ற கேலக்ஸியையும் படம் எடுக்க ஆசைப்படுகிறார். கடைக்காரர் 8 அங்குல ஆடித் தொலைநோக்கியை ஈக்யூ5 மவுண்டோடு, அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு நகர்த்தும் இயந்திரத்தோடு, சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அதை வாங்கலாமா, இல்லையென்றால் சீஸ்டார் போன்ற சிறிய தானியங்கிக் கருவியே போதுமா என்பது கேள்வி.

தம்பி, அந்த 8 அங்குலத்தை இப்போது வாங்காதீர்கள். கண்ணால் பார்ப்பதற்கு அது அருமையான தொலைநோக்கி. படம் எடுப்பதற்கு, அந்த மவுண்டின் மேல் வைத்தால், உங்கள் ஆர்வத்தை ஆறே மாதத்தில் கொன்றுவிடும். நான் தொடங்கியபோது 6 அங்குல ஆடியை அதைவிடச் சிறிய மவுண்டில் வைத்து ஒரு குளிர்காலம் முழுவதும் போராடினேன். ஓர் இரவில் எடுத்த அறுபது படங்களில் ஒன்பது மட்டுமே தேறின. மற்றவற்றில் நட்சத்திரங்கள் எல்லாம் அரிசி மணி போல நீண்டு கிடந்தன. கண்ணாடியில் குறை எதுவும் இல்லை. அதைத் தாங்கிய இயந்திரத்துக்கு அந்த வேலைக்கான துல்லியம் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். மில்லிகிராமில் வெள்ளியை நிறுப்பவர் நீங்கள், அளவுகளின் அருமை உங்களுக்குத் தெரியும். பூமி சுழல்வதால் வானம் ஒவ்வொரு விநாடியும் சுமார் 15 வில்விநாடி நகர்கிறது. ஒரு பாகையை 3,600 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. ஏற்காட்டின் லேடீஸ் சீட் மலைமுனையில் நின்று கீழே பார்த்தால் சேலம் நகரம் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அங்கே மூன்று விரல் அகலமுள்ள ஒரு பொருள் இங்கிருந்து பார்க்கும்போது பிடிக்கும் கோணம்தான் ஒரு வில்விநாடி. மவுண்ட் அந்த அளவுக்குள் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் பிசகாமல் வானத்தின் பின்னால் போக வேண்டும்.

உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். பிக்சல் அளவை 206 ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்குள் எத்தனை வில்விநாடி அடங்குகிறது என்று வரும். அந்த 8 அங்குலத் தொலைநோக்கியின் குவியத் தூரம் 1,000 மில்லிமீட்டர். ஆக ஒரு பிக்சலுக்கு 0.89 வில்விநாடி. மவுண்ட் நின்றுபோனால் ஒரே விநாடியில் நட்சத்திரம் 17 பிக்சல் ஓடிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதும், உள்ளே இருக்கும் புழுப்பல்சக்கரத்தின் சிறு கோணல்கள் நட்சத்திரத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஈக்யூ6 வகை மவுண்டில் அந்தப் புழுத்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற 8 நிமிடம் ஆகிறது. அந்த 8 நிமிடத்துக்கு ஒருமுறை அதே ஆட்டம் திரும்பத் திரும்ப வரும். விலை குறைந்த மவுண்டுகளில் இது பல பத்து வில்விநாடிகள் வரை போகும்.

எடையையும் பாருங்கள். அந்தக் குழாய் மட்டுமே 8, 9 கிலோ. கேமராவும், மவுண்டின் பிசகைக் கண்டு திருத்த உதவும் சிறிய வழிகாட்டித் தொலைநோக்கியும் சேர்ந்தால் 10 கிலோவைத் தாண்டும். மவுண்டின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தாங்கு எடை கண்ணால் பார்ப்பதற்கு உரியது. படம் எடுக்க அதில் பாதி, அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்குதான் ஏற்றலாம். ஒரு மீட்டர் நீளக் குழாய் மலைக்காற்றில் பாய்மரம் போல வேலை செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் கோவில் மேட்டுப் பக்கம் இரவில் வீசும் காற்றைப் பார்த்தவர் யாரும் அங்கே அந்தக் குழாயை நிறுத்தத் துணிய மாட்டார்.

உங்களுக்கு அவ்வளவு பெரிய தொலைநோக்கி தேவையே இல்லை என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி தரும் விஷயம். ஆந்திரமேடா வானத்தில் சுமார் 3 பாகை நீளம், அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கிய நீளம். ஓரியன் நெபுலா ஒரு பாகைக்குச் சற்று மேல். 1,000 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் உங்கள் கேமரா பார்க்கும் பரப்பு 1.28க்கு 0.85 பாகை மட்டுமே. ஆந்திரமேடாவின் நடுப்பகுதி மட்டும் விழும், சிறகுகள் இரண்டும் வெளியே போய்விடும். 420 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள சிறிய லென்ஸ் தொலைநோக்கியில் அதே கேமரா 3க்கு 2 பாகையைப் பார்க்கும். இரண்டு ஆசைகளும் அதற்குள் அடங்கிவிடும். ஒரு பிக்சலுக்கு 2.1 வில்விநாடி என்பதால் மவுண்டின் சிறு பிசகுகளும் மன்னிக்கப்படும்.

ஆகவே என் பரிந்துரை: 70 முதல் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈடி கண்ணாடி லென்ஸ் தொலைநோக்கி ஒன்று. ஸ்கைவாட்சரின் எவோஸ்டார் 72ஈடி இந்த வகை, 420 மில்லிமீட்டர், எஃப்/5.8, எடை 2 கிலோ அளவு. சாதாரண இரட்டை லென்ஸில் நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் குவியாமல், பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஊதா வளையம் விழும். ஈடி கண்ணாடி அதைப் பெருமளவு அடக்குகிறது. விற்பவரிடம் என்ன கண்ணாடி என்று கேளுங்கள். எஃப்பிஎல்-53 என்று சொன்னால் நல்லது, எஃப்பிஎல்-51 என்றாலும் இந்த அளவுக்குப் பெரிய குறை இல்லை. கூடவே ஃபீல்டு பிளாட்னர் என்ற திருத்த லென்ஸும் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் படத்தின் மூலைகளில் நட்சத்திரங்கள் நீண்டு நிற்கும். அதற்கும் சென்சாருக்கும் இடையே பெரும்பாலும் 55 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மூலை காட்டிக்கொடுக்கும்.

இதை எதன் மேல் ஏற்றுவது? தொலைநோக்கி, கேமரா, வழிகாட்டி எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஸ்டார் அட்வென்சர் ஜிடிஐ போன்ற சிறிய மவுண்ட் 5 கிலோ தாங்கும். இரண்டு அச்சிலும் மோட்டார் இருக்கிறது, இலக்கைத் தானே தேடிப் போகும், கைடிங்கும் (நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே மவுண்டின் பிசகைத் திருத்துவது) செய்யலாம். இந்தச் சுமைக்கு அது சரியாக இருக்கும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் 130 அல்லது 150 மில்லிமீட்டர் ஆடிக்குப் போகும் எண்ணம் இருந்தால், ஈக்யூ5ஐவிடப் பெரிய எச்ஈக்யூ5 மவுண்ட் பழையது ஒன்றை யாராவது விற்கிறார்களா என்று பொறுமையாகத் தேடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். நல்ல மவுண்ட் பத்து, பதினைந்து ஆண்டு உழைக்கும். அதன் மேல் உட்காரும் தொலைநோக்கிகள் மாறிக்கொண்டே இருக்கும். விலை டாலரோடும் சுங்கத்தோடும் ஏறி இறங்குவதால் இங்கே எண் எழுதவில்லை. மொத்தத் தொகையில் பாதிக்குக் குறையாமல் மவுண்டுக்கு ஒதுக்குங்கள் என்பது மட்டும் என் உறுதியான கருத்து.

சில ஆண்டுகளாக புழுப்பல்சக்கரத்துக்குப் பதில் வளையும் பல்சக்கரம் உள்ள ஹார்மானிக் மவுண்டுகள் வந்திருக்கின்றன. 2022இல் வந்த இசட்டபிள்யூஓ ஏஎம்5 அவற்றில் பெயர் பெற்றது. 5 கிலோ எடையுள்ள அது, எதிர்எடையே இல்லாமல் 13 கிலோ சுமக்கிறது. இருசக்கர வண்டியில் மலையேறுபவருக்கு இது வரப்பிரசாதம். கைடிங் இல்லாமல் அதை நம்ப முடியாது, விலையும் உங்கள் தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இப்போது வேண்டாம்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். வெளிநாட்டுக் காணொளிகளில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

மவுண்டின் முதன்மை அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். துருவத்தின் உயரம் நம் அட்சரேகைக்குச் சமம். சேலத்துக்கு 11.7 பாகை, ஏற்காட்டுக்கு 11.8. இங்கிலாந்தில் 50 பாகைக்கு மேல் நிற்கும் துருவ நட்சத்திரம் நமக்குத் தொடுவானத்துக்குப் பக்கத்தில், புழுதியும் ஈரமும் நிறைந்த காற்றுக்குள் மங்கிக் கிடக்கிறது. நேர் உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி கடக்கும் காற்றைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு காற்றைக் கடந்து அதன் ஒளி நம்மிடம் வருகிறது. நகருக்குள் மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை வடக்கே ஐந்தாறு பாகை உயரம்தான் எழும், துருவ நட்சத்திரம் அதற்கு மேலே தெரியும். ஏற்காடு அடிவாரத்துக்குப் போய்விட்டால் மலை முகடே அதை மறைத்துவிடலாம். மேலே காப்பித் தோட்டத்திலும் கவனம் வேண்டும். நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரம் 100 மீட்டர் தள்ளி 21 மீட்டர் உயரம் இருந்தால் போதும், துருவ நட்சத்திரம் அதன் கிளைக்குப் பின்னால் போய்விடும். மாமாவின் தோட்டத்தில் பகலிலேயே திசைகாட்டியோடு போய் வடக்குப் பக்கம் எங்கே திறந்திருக்கிறது என்று பார்த்து, ஒரு கல்லை நட்டு அடையாளம் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டு முற்றத்தைவிடக் காப்பிக்கொட்டை உலர்த்தும் களம் இதற்கு ஏற்ற இடமாக இருக்கும். தரை கெட்டியாக இருக்கும், சுற்றிலும் மரமும் விலகி இருக்கும்.

துருவ நட்சத்திரம் தெரிந்தாலும் அதுவே துருவம் இல்லை. உண்மையான துருவத்திலிருந்து அது 0.6 பாகை அளவு விலகி, ஒரு நாளில் சிறு வட்டம் அடிக்கிறது. மவுண்டை நேராக அதற்கே குறிவைத்தால் மூன்று நிமிட எக்ஸ்போஷரில் நட்சத்திரம் சுமார் 29 வில்விநாடி விலகும். 420 மில்லிமீட்டரில் அது 14 பிக்சல். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவ்வளவு தாழ்ந்த உயரத்தில் காற்று ஒளியை வளைத்து, நட்சத்திரத்தை அதன் உண்மையான இடத்தைவிட நாலரை வில்நிமிடம் மேலே தூக்கிக் காட்டுகிறது. துருவத்தைக் குறிபார்க்க மவுண்டின் அச்சில் வைத்திருக்கும் துருவக் குழாய்க்குள் இருக்கும் வட்டக் கோட்டைப் பார்த்துச் சரிசெய்யும்போது இந்தத் தூக்கலும் உங்கள் அச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. மடிக்கணினியில் இலவசமாகக் கிடைக்கும் நினா மென்பொருளில் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு என்ற வசதி உண்டு. வானத்தில் மூன்று இடங்களில் படம் எடுத்து, அவற்றிலுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே சொல்லும். துருவ நட்சத்திரம் கண்ணில் படவே தேவையில்லை. நம் அட்சரேகைக்கு இதைவிட நல்லது எதுவும் வரவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது, பழைய நகர்வு முறை. மடிக்கணினி கைவிட்ட இரவுகளில் இது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது, ஆகவே கற்றுக்கொள்ளுங்கள். வானநடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகில், வடக்கு தெற்காக உச்சி வழியே போகும் உச்சிக் கோட்டைக் கடக்கும் நட்சத்திரம் ஒன்றைப் பிடியுங்கள். ஓரியனின் இடைவாரில் இருக்கும் மூன்றில் மேற்கோரத்தில் நிற்கும் மின்டாக்கா ஏறத்தாழ வானநடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது, அது பொருத்தமானது. நட்சத்திரம் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. அடுத்து கிழக்கு வானில் இன்னொரு நட்சத்திரம். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு நகர்வு தெரியாத வரை திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

வாங்குவதற்கு முன் மவுண்டின் அட்சரேகை அளவுகோல் எவ்வளவு கீழே இறங்கும் என்று கட்டாயம் பாருங்கள். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த சில மவுண்டுகள் 15 அல்லது 20 பாகையோடு நின்றுவிடும். நமக்கு 12க்கும் கீழே வேண்டும். இறங்கினாலும் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. அச்சு கிட்டத்தட்டப் படுத்த நிலைக்கு வருவதால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்க வாய்ப்பு இருக்கிறது. பாதி இரவில் மோட்டார் அந்த எடையைக் காலின் மேல் அழுத்திக்கொண்டு முனகும் சத்தத்தைக் கேட்டால் வயிற்றைப் பிசையும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு சாணுக்குக் குறையாத உயரத்துக்கு இரும்புக் குழாய்த் தூண் ஒன்றைப் பொருத்தினால் தீர்ந்துவிடும். கடையில் விற்பதை வாங்க வேண்டியதில்லை. சேலத்தில் லேத் பட்டறைகளுக்கா பஞ்சம்? அளவைச் சரியாக வரைந்து கொடுத்தால் இரண்டு நாளில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். என்னுடையது ஒன்பது ஆண்டுகளாக உழைக்கிறது.

தாழ்ந்த அட்சரேகைக்கு ஏற்ற மவுண்ட் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் உள்ள கவலை இல்லை. ஏற்காட்டிலிருந்து வடகிழக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், ஜவ்வாது மலையின் காவலூரில், 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதை லாட வடிவத் தாங்கியில் நிறுத்தியிருக்கிறார்கள். 12.6 பாகை அட்சரேகையில் வடதுருவப் பக்கமும் தடையில்லாமல் பார்க்க அந்த அமைப்பு உதவுகிறது. அந்த லாடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்த நாளில் எனக்குக் கண்ணாடியைவிடத் தாங்கிதான் பெரிதாகத் தெரிந்தது.

இவ்வளவு கஷ்டத்துக்கு வானம் நமக்குக் கைமாறும் வைத்திருக்கிறது. ஓரியன் நெபுலா நமக்குத் தொடுவானத்திலிருந்து 73 பாகை ஏறுகிறது. கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வண்ண முகில்கள் 50 பாகைக்கு மேல் வருகின்றன. லண்டனில் இருப்பவருக்கு அது தொடுவானத்தை உரசிக்கொண்டு போகும். ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் கோள வடிவ நட்சத்திரக் கொத்து நமக்கு 31 பாகை, கரைனா நெபுலா 18 பாகை. வடக்கே இருக்கும் நண்பர்கள் வாழ்நாளில் தங்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாதவை இந்தக் கடைசி இரண்டும்.

ஆனால் ஏற்காட்டிலிருந்து தெற்கே பார்த்தால் சேலத்தின் வெளிச்சம் நேர் எதிரே நிற்கும். ஆகவே இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது உச்சியிலும் வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவற்றை எடுங்கள். ஊரைத் தாண்டி வடக்கே போகப் போக நிலைமை மேம்படும். மூடுபனி கீழே சமவெளியிலேயே தங்கிவிடும் சில இரவுகளில் நகர வெளிச்சம் போர்வைக்குள் அமுங்கி, தெற்கு வானமும் கறுத்துப்போகும். அப்படி ஓர் இரவு வாய்த்தால் வேறு எதையும் எடுக்காமல் ஒமேகா சென்டாரிக்குத் திரும்பிவிடுங்கள். தென்வானத்தையே குறியாகக் கொண்டால் கொல்லிமலை நல்லது, சேலத்தின் ஒளி அங்கே வடக்கே போய்விடுகிறது. எந்த மலையானாலும் காப்புக்காட்டுக்குள் இரவில் நுழையாதீர்கள். தெரிந்தவர் தோட்டமே சரியான இடம். ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டெருமை வரும் என்பது மாமாவுக்கே தெரியும், அவர் சொல்லும் எல்லைக்குள்ளேயே இருங்கள்.

பருவம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் கிடைப்பது அரிது. பொங்கலுக்குப் பிறகு சித்திரை வரை நம் காலம். பால்வீதியின் நடுப்பகுதியைக் கோடையில் எடுக்கலாம் என்று அமெரிக்கர்கள் சொல்வதைக் கேட்டு ஆனி, ஆடி வரை காத்திருந்தால் தென்மேற்குப் பருவ மேகம் எல்லாவற்றையும் மூடியிருக்கும். மாசி, பங்குனியில் பின்னிரவில் எழுந்து எடுத்துவிட வேண்டும். அமாவாசையைச் சுற்றிய ஐந்தாறு நாட்களை நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். மலைப்பனியில் முன் லென்ஸ் ஒரு மணி நேரத்தில் வேர்த்துவிடும், சூட்டுப் பட்டை இல்லாமல் மேலே போகாதீர்கள். மவுண்ட், சூட்டுப் பட்டை, கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று கணக்காக இருக்கும்.

ஆடித் தொலைநோக்கியை நான் ஒதுக்கவில்லை. 130 மில்லிமீட்டர், எஃப்/5 ஆடி நல்ல படக்கருவி, அதே விட்டமுள்ள லென்ஸ் தொலைநோக்கியின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஆனால் படத்தின் ஓரங்களில் நட்சத்திரங்கள் வால் முளைத்து நிற்பதைச் சரிசெய்யும் கோமா திருத்தி என்ற லென்ஸ் வேண்டும், ஆடிகளை ஒவ்வொரு முறையும் நேர்ப்படுத்த வேண்டும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனபின் ஆடி நேராக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. லென்ஸ் தொலைநோக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வேலை தொடங்கலாம். முதல் ஆண்டில் கற்க வேண்டியவை ஏராளம், அதில் இதையும் சேர்க்க வேண்டாம்.

வியாழன், சனி, நிலா ஆகியவற்றைப் படம் எடுக்க ஆசை வந்தால் அது முற்றிலும் வேறு பாதை. அங்கே நீண்ட குவியத் தூரம்தான் வேண்டும், மாக்சுடோவ் 127 போல 1,500 மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கான சட்டகங்களைக் காணொளியாக எடுத்து, தெளிவானவற்றை மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவது முறை. செவ்வாய்ப்பேட்டை மாடியிலிருந்தே செய்யலாம், நகர வெளிச்சம் கோள்களை ஒன்றும் செய்யாது.

சீஸ்டார் எஸ்50 பற்றிக் கேட்டீர்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ், 250 மில்லிமீட்டர் குவியத் தூரம், இரண்டரை கிலோ. முற்றத்தில் வைத்து கைபேசியைத் தட்டினால் அரை மணியில் நெபுலா தெரியும். என் அக்கா பேத்தி அதில் ஓரியனைப் பார்த்துக் கைதட்டியதை மறக்க மாட்டேன். வீட்டில் குழந்தைகளுக்கு, வயதானவர்களுக்கு வானத்தைக் காட்ட அதை மனதார வாங்கச் சொல்வேன். உங்கள் கேள்வியில் படக்கலையைக் கற்கும் ஆசை தெரிகிறது, அதற்கு அது சிறியது. சாதாரண நிலையில் அது மேல்-கீழ், இட-வலமாக நகரும் கருவி என்பதால் படச்சட்டகம் மெல்லச் சுழலும். நம் அட்சரேகையில், தெற்கிலோ வடக்கிலோ உச்சிக்கு அருகில் இருப்பவற்றில் இந்தச் சுழற்சி மிக வேகம். ஓரியன் நெபுலா உச்சிக் கோட்டைக் கடக்கும் நேரத்தில் மணிக்கு 50 பாகை அளவு. நேர் கிழக்கிலும் மேற்கிலும் சுழற்சி ஏறத்தாழ இல்லை. யாரிடமாவது அந்தக் கருவி இருந்தால், இலக்கு கிழக்கே பாதி வானம் ஏறிய நிலையில் எடுக்கச் சொல்லுங்கள், விளிம்புகள் வீணாகாது.

கைடிங்குக்கு 120 அல்லது 160 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள சிறு குழாயும் சிறு கேமராவும் போதும். பிஎச்டி2 மென்பொருள் இலவசம், நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே மவுண்டைத் திருத்தும். அது காட்டும் பிழை ஒரு வில்விநாடிக்குப் பக்கத்தில் இருந்தால் 420 மில்லிமீட்டருக்கு நிம்மதியாகத் தூங்கலாம். கேபிள்களைத் தொங்கவிடாமல் கட்டுங்கள், நான் மவுண்டின் குற்றம் என்று நினைத்த பாதிப் பிழைகள் தொங்கும் கேபிளால் வந்தவை. படங்களை அடுக்க சிரில் என்ற மென்பொருள் போதும், அதற்கும் காசு வேண்டாம்.

மவுண்ட் வரும் வரை சும்மா இருக்காதீர்கள். உங்கள் 50 மில்லிமீட்டர் லென்ஸை சாதாரண முக்காலியில் வைத்து, ஐந்து ஆறு விநாடி எக்ஸ்போஷரில் 200 படம் எடுத்து சிரிலில் அடுக்கிப் பாருங்கள். கார்த்திகைக் கூட்டம் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ நட்சத்திரங்களோடு எழுந்து வரும். அடுக்குவதன் ருசி அப்போது பிடிபடும்.

மவுண்ட் வந்ததும் முதல் மூன்று இரவுகளுக்குத் தொலைநோக்கியைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். மாடியில் 50 மில்லிமீட்டர் லென்ஸோடு மவுண்டை மட்டும் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டும் திருகுகள் கைக்கு வரும் வரை துருவச் சீரமைப்பைப் பழகுங்கள். பிறகு மலைக்குப் போங்கள். முதல் இலக்கு ஓரியன் நெபுலாவாகவே இருக்கட்டும். அதில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: நடுவில் இருக்கும் நான்கு இளம் நட்சத்திரங்களின் பகுதி மிகப் பிரகாசமானது, மூன்று நிமிடப் படத்தில் அது வெள்ளையாக வெந்துவிடும். நீண்ட படங்களை எடுத்து முடித்தபின் மவுண்டை அசைக்காமல் 10 விநாடிப் படங்கள் முப்பதும் எடுத்துவிட்டு இறங்குங்கள். இரண்டையும் கணினியில் சேர்க்கும்போது சிறகும் நெஞ்சும் ஒரே படத்தில் கிடைக்கும்.